அண்ணி வராத காணும் பொங்கல்

நம்ம வயசுக்காரங்க நாலு பேர் ஒண்ணா உக்காந்தா சின்ன வயசுக் கதைதான். கேட்டுப் பாருங்க, எல்லாருமே அந்தக் காலத்துல தங்கமான புள்ளைங்க. ஒருத்தி தனக்கு வெச்ச பலகாரத்தைப் பிச்சைக்காரிக்குக் கொடுத்தாளாம், இன்னொருத்தி தம்பியை முதுகுல கட்டிக்கினே பள்ளிக்கூடம் போனாளாம். எங்கிட்ட அந்த மாதிரி கதை எதுவும் இல்ல. நான் வயித்தெரிச்சல் புடிச்ச பொண்ணு. பத்து வயசுல எனக்கு இருந்த பொறாமையை இன்னிக்கு ஆவடியில இருக்கிற அத்தனை பேருக்கும் பங்கு போட்டாலும் மீதி இருக்கும். ஒரே ஒரு காணும் பொங்கல் கதையைச் சொல்றேன். கேட்டுட்டுத் திட்டணும்னா திட்டுங்க. எங்க வீட்டுல இதைச் சொல்ல முடியாது, ஏன்னா அண்ணி இன்னும் இருக்கு.

அப்போ ரெண்டாவது உலகச் சண்டைக்காலம். எங்க வீடு சேக்காட்டுல. வீட்டுக்குப் பின்னால இருந்தே கழனி ஆரம்பிச்சுடும். ஆவடிப் பக்கம் மிலிட்டரிக்காரன் வந்து எடம் புடிச்சு, நாள் பூரா லாரி ஓடிக்கினே இருக்கும். துணி காயப் போட்டா சாயந்தரம் எடுக்கிறதுக்குள்ள செம்மண் ஏறியிருக்கும். எங்க அண்ணன் அந்த கேம்ப்புல தகர ஷெட்டு போடற வேலையில இருந்துச்சு. எனக்கும் அண்ணனுக்கும் பன்னெண்டு வயசு வித்தியாசம். நடுவுல பொறந்த ரெண்டும் தங்கல. அதனால அண்ணனுக்கு நான்தான், எனக்கு அண்ணன்தான்.

வேலை முடிஞ்சு வர்றப்போ சட்டைப் பையில மிலிட்டரி பிஸ்கோத்து கொண்டு வரும். கல்லு மாதிரி இருக்கும். தண்ணியில ஊறப் போட்டு, அது உப்பி மேல வர்ற வரைக்கும் சொம்புக்குள்ளயே பார்த்துக்கினு இருப்பேன். பூந்தமல்லி பாய் கடையில சிவப்பு ரிப்பன் ஒரு கெஜம் வாங்கியாரும். ஒரு கெஜமும் எனக்குத்தான். ரெண்டு ஜடைக்கும் கட்டி மீதி காத்துல பறக்கும்.

அந்த வருஷம் ஆவணியில அண்ணனுக்குக் கல்யாணம் ஆச்சு. அடுத்த தடவை ரிப்பன் வந்தப்போ அண்ணன் அதை ரெண்டா மடிச்சு, நடுவுல கத்திரிக்கோல் வெச்சு வெட்டுச்சு. அரை கெஜம் எனக்கு, அரை கெஜம் அண்ணிக்கு. அந்த கத்திரிக்கோல் சத்தம் இருக்கே, இன்னும் என் காதுல இருக்கு. அன்னிக்கு ராத்திரி நான் சோறு திங்கல. யாரும் ஏன்னு கேக்கவும் இல்ல.

அண்ணிக்கு அப்போ பதினாறு வயசு இருக்கும். கெட்ட பொண்ணா இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ சௌகரியமா இருந்திருக்கும். அது என்னடான்னா என் தலையை வலிக்காம வாரிவிடும், பேன் பார்க்கும், தோசை வார்த்தா முறுகினது எனக்குத்தான் போடும். அதனால ஆத்திரம் இன்னும் ஜாஸ்தியாச்சு. திட்டறதுக்கு ஒரு காரணம்கூட கொடுக்க மாட்டேங்குதே.

அண்ணியோட ஊரு வேப்பம்பட்டுக்கு அந்தாண்ட, ஒரு சர்க்கார் காட்டைத் தாண்டி. கல்யாணம் அங்கதான் நடந்துச்சு, காட்டைச் சுத்தி ரோட்டு வழியா போனோம். அங்கதான் சண்டையும் வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுல பெரியவர் எங்க நைனாவோட அக்கா புருஷன். முதல் தாம்பூலம் அவருக்குத்தான் கொடுக்கணும். பொண்ணு வீட்டுல யாரோ தெரியாம உள்ளூர் மணியக்காரருக்கு முதல்ல தட்டை நீட்டிட்டாங்க. அவ்வளவுதான். நைனா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினு, “இனிமே உங்க வாசப்படிய நாங்களும் மிதிக்க மாட்டோம், எங்க ஊட்டுக்கு வர்றவளும் மிதிக்க மாட்டா”ன்னுட்டாரு. ஒரு வெத்தலை பாக்குத் தட்டுக்காக ஒரு பொண்ணைப் பெத்தவகிட்ட இருந்து பிரிச்சுட்டாரு மனுஷன். அப்போ எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு. தலை தீபாவளிக்கும் அனுப்பல. அன்னிக்கு அண்ணி வாசல்ல நின்னு ரோட்டையே பார்த்துக்கினு இருந்துச்சு.

அந்தக் காணும் பொங்கலுக்கு அண்ணன் போட்ட திட்டமே இதுக்குத்தான். அண்ணியோட அம்மா அந்தாண்டப் பக்கத்துல இருந்து காட்டு ஓடைக்கு நடந்து வர்றது, நாங்க இந்தாண்டப் பக்கத்துல இருந்து வண்டியில போறது, தற்செயலா பார்த்துக்கிட்ட மாதிரி தாயும் பொண்ணும் பார்த்துக்கிறது. யாரும் யாரோட வாசப்படியும் மிதிக்க வேணாம். ஓடைக்கு ஏது வாசப்படி. கேம்ப்புல கூட வேலை செஞ்ச ஒருத்தன் மூலமா அண்ணன் சேதியும் சொல்லி அனுப்பிடுச்சு. இது அண்ணனுக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் செஞ்சதைச் செஞ்சிருக்க மாட்டேன்னு சொல்லணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா உறுதியா சொல்ல வாய் வரல.

அதுக்கு முன்னாடி மார்கழியில நடந்த ஒண்ணைச் சொல்லணும். பூந்தமல்லியில எங்க சித்திக்குப் பிரசவம்னு அம்மா பத்து நாள் அங்க போய்த் தங்கிடுச்சு. வீட்டுல நைனா, அண்ணன், அண்ணி, நான். ஒரு நாள் காலையில வைக்கோல் போருக்குப் பின்னால யாரோ துணி கசக்குற சத்தம். ஒளிஞ்சு பார்க்கிறது என் வேலையாச்சே, போய்ப் பார்த்தேன். அண்ணிதான். என்னைப் பார்த்ததும் கையில இருந்த துணியை முதுகுக்குப் பின்னால மறைச்சுச்சு.

நம்ம வீடுங்கள்ல எப்படின்னு உங்களுக்குத் தெரியும். மாசாமாசம் தூரம்னா மூணு நாளு பின்பக்கச் சாய்ப்புல தனியா பாய் போட்டு உக்காரணும். அடுப்பங்கரைப் பக்கம் தலை காட்டக் கூடாது. அதுவும் மார்கழி மாசத்துல.

“பாப்பா, இப்ப நான் வெளிய உக்காந்தா மாமாவுக்கும் உங்கண்ணனுக்கும் யாரு சோறு போடறது? நீயா பொங்குவே?” அப்படின்னு கேட்டுச்சு. “விளக்கு மட்டும் நான் தொட மாட்டேன். நீ ஏத்திடு. அத்தைக்குத் தெரிஞ்சா என்னை இன்னா பண்ணுவாங்களோ. யார்கிட்டயும் சொல்லாத, என் தலை மேல அடிச்சு சத்தியம் பண்ணு.”

பண்ணேன். பெரியவங்க ரகசியம் என் கையில இருக்குதுன்னு பெருமை தாங்கல. மாடத்து விளக்கை நான் ஏத்தறேன், அண்ணி தூரத்துல நின்னு பார்க்குது. உள்ளதைச் சொன்னா அந்த மூணு நாள்தான் எனக்கு அண்ணியைப் புடிச்சிருந்துச்சு.

அம்மா திரும்பி வந்ததும் நைனா வாயெல்லாம் பல்லா, “நீ இல்லாத கொறையே தெரியலமே. ஒரு வேளைகூட அடுப்பு அணையல. மருமவ பத்து நாளும் சோறாக்கிப் போட்டா”ன்னு சொன்னாரு. அம்மாவுக்கு அது அவ்வளவா ரசிக்கல. அண்ணி தலையைக் குனிஞ்சுக்கினு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. நான் உதட்டை இறுக்கி மூடிக் காமிச்சேன்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கிறப்போ அண்ணன் பேச்சை ஆரம்பிச்சுச்சு. நைனா சாப்பிட்டு முடிச்சு வெத்தலை போடற நேரமா பார்த்து.

“நைனா, இந்தக் காணும் பொங்கலுக்கு ஏரிக்கரை வேணாம். வேப்பம்பட்டுக்கு அந்தாண்ட சர்க்கார் காடு கீது பாரு, அதுக்குள்ள ஓடை ஒண்ணு ஓடுது. மழ நல்லா பேஞ்சிருக்கு, தண்ணி இன்னும் போய்க்கினு கீதாம்.”

“இன்னாத்துக்குடா அவ்ளோ தூரம்? தண்ணிய இங்க பார்த்தா ஆவாதா?”

“காடு பார்த்த மாதிரி இருக்கும். பாரஸ்ட் கார்டுகிட்ட சொல்லி வெச்சுட்டேன். உள்ள அடுப்பு மூட்டக் கூடாது, அருவா கொண்டாரக் கூடாது, மாட்டை மேய உடக் கூடாது. அவ்ளோதான்.”

நைனா வெத்தலையை மென்னுக்கினே யோசிச்சாரு. சர்க்கார் காட்டுல ரோசாக் கலர்ல மரம் பூக்குதாம்னு எங்கயோ கேட்டிருந்தாரு. அதைப் பார்க்கணும்னு அவருக்கும் ஒரு ஆசை. “சரி, போலாம்”னுட்டாரு.

அந்தப் பத்து நாளும் எங்க வீட்டுல வேற பேச்சே இல்ல. அடுப்பு மூட்டக் கூடாதுன்னதால கெட்டுப் போகாத சோறா கட்டணும். புளிச்சோறு ஒரு அண்டா, மோர்ச்சோறுக்குத் தனியா ஒரு குண்டான், முறுக்கு, வெல்லம் போட்ட பொரி. எதிர்வீட்டுப் பெரியப்பாவோட கூண்டு வண்டியைக் கேட்டு வாங்கியாச்சு. புது வைக்கோல் பரப்பி மேல ஜமுக்காளம் போடறதுன்னு முடிவாச்சு. அம்மா எழுந்தா உக்காந்தா லிஸ்ட் சொல்லும். சொம்பு, விசிறி, தாம்புக்கயிறு, தேள் கடிச்சா தடவ மருந்து. காட்டுல புலி இருக்குமான்னு நான் கேட்டேன். நரி இருக்கும்னு அண்ணன் சொல்லுச்சு.

வண்டியில வால் பக்கம் கால் தொங்கப் போட்டு உக்கார ரெண்டு பேருக்குத்தான் எடம். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அண்ணனுக்குன்னு மனசுல எழுதி வெச்சுட்டேன். ஓடையில எறங்கறப்போ அண்ணன் கையைப் புடிச்சுக்கணும். தண்ணிக்குள்ள காலை வெச்சா பொடிமீனுங்க வந்து கடிக்கும், கூசும்னு அண்ணன் சொல்லியிருந்துச்சு. அதுக்குப் பயந்த மாதிரி கத்தணும், அண்ணன் தூக்கிக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படி ஒரு நாளு. அவ்வளவுதான் என் கணக்கு.

போகிக்கு முன்னாடி நாள் அண்ணன்கிட்ட, “ஓடையில ஆழம் எங்க, மேடு எங்கன்னு உனக்குத் தெரியுமா?”ன்னு கேட்டேன்.

“எனக்கு இன்னா தெரியும். அண்ணி சின்னதுல இருந்து குளிச்ச ஓடை அது. அது கையப் புடிச்சுக்கோ, பத்திரமா கூட்டிகினு போவும். வண்டியிலயும் வால் பக்கம் நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க. நான் ஓட்டறேன்.”

எனக்குக் காதெல்லாம் சுட்டுச்சு. பத்து நாளா நான் கனவு கண்ட ஓடைகூட அதோடதாமே. மீனு, மணலு, ஆழம், மேடு எல்லாம் ஏற்கெனவே அதுக்குச் சொந்தமாமே. நான் விருந்தாளியாம்.

போகியன்னிக்குக் காலையில அண்ணன் வேலைக்குப் போறப்போ ஒரு காகிதப் பொட்டலத்தை அண்ணி கையில வெச்சுட்டுப் போச்சு. பச்சைக் கண்ணாடி வளையல், ஒரு டஜன். காணும் பொங்கலுக்குப் போட்டுக்கிறதுக்கு. எனக்கு வளையலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மறந்துடுச்சுன்னு இப்போ புரியுது. தாயைப் பார்க்கப் போற பொண்டாட்டி கை வெறுங்கையா இருக்கக் கூடாதுன்னு அதுக்கு நினைப்பு. அப்போ எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பன்னெண்டு வளையல், அதுல ஒண்ணுகூட என்னுது இல்ல. அண்ணி முத்தத்துல செம்மண் கரை போட்டுக்கினே வாய்க்குள்ள ஏதோ பாட்டு முணுமுணுக்குது. வீட்டுக்கு வந்து அஞ்சு மாசத்துல அது பாடி நான் கேட்டதே இல்ல.

எந்திரிச்சு நேரா அடுப்பங்கரைக்குப் போனேன். அம்மா முறுக்கு மாவு பிசைஞ்சுக்கினு இருந்துச்சு.

“ஏம்மா, அண்ணி கார்த்திகைக்கு அப்புறம் வெளிய உக்காரவே இல்லையே, ஏன்?”

அவ்வளவுதான் சொன்னேன். பொய் ஒரு வார்த்தைகூட இல்ல. வெளிய உக்காரலதானே. ஆனா என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். போன வருஷம் பக்கத்து வீட்டு மருமவ முழுகாம இருக்கிறான்னு திருவேற்காட்டுக்குக் கூட்டிகினு போகாம விட்டுட்டுப் போனதை நான் பார்த்திருந்தேன். முழுகாம இருக்கிறவ ஆத்துத் தண்ணி தாண்டக் கூடாது, காட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது. வயித்துல இருக்கிறதுக்கு ஆவாது. பத்து வயசுல கூட்டல் கழித்தல் சரியா வராது எனக்கு. இந்தக் கணக்கு மட்டும் நல்லா வந்துச்சு.

அம்மா கை மாவுக்குள்ளயே நின்னுச்சு. “கார்த்திகை தீபத்தன்னிக்கு அது சாய்ப்புல கெடந்துச்சு. நான்தான் எல்லா விளக்கும் ஏத்தினேன்.” விரல் கணுவை எண்ண ஆரம்பிச்சுச்சு. ஒரு கை முடிஞ்சு இன்னொரு கை. அப்புறம் மாவுக் கையோடவே முத்தத்துக்கு ஓடுச்சு. நானும் பின்னாலயே போனேன்.

“ஏம்மா, நான் பூந்தமல்லியில இருந்தப்போ நீ வெளிய உக்காந்தியா?”

அண்ணி நிமிர்ந்து பார்த்துச்சு. முழங்கை வரைக்கும் செம்மண். அது வாயைத் தொறக்கிறதுக்குள்ள, கொல்லையில பழைய பாயை எரிச்சுக்கினு இருந்த நைனா அங்க இருந்தே, “எங்க உக்காந்தா? பத்து நாளும் அவதான் சோறாக்கினான்னு சொன்னேனே”ன்னாரு.

அண்ணி என்னைப் பார்த்துச்சு. நான் உதட்டை இறுக்கி மூடிக்கினேன். அன்னிக்கு மார்கழியில காமிச்ச மாதிரியே.

ஆமாம்னா, தூரத்தோட மாமனாருக்குச் சோறு போட்டவன்னு ஆகும். பெத்தவங்களை இழுத்துப் பேசுவாங்க. இல்லைன்னா, ஓடைக்குப் போக முடியாது. ரெண்டுத்துல எதுன்னு யோசிக்க அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு நேரம் கெடச்சுது? ஒரு மூச்சு இழுக்கிற நேரம்கூட இல்ல.

“இல்லத்தே”ன்னுச்சு.

அம்மா அதைக் கட்டிப் புடிச்சு, நெத்தியில விரலை மடக்கி நெட்டி முறிச்சுச்சு. மாவும் செம்மண்ணுமா ரெண்டு பேர் மேலயும் அப்பிக்கிச்சு. “அப்ப காட்டுக்கு வேணாம் கண்ணு. எதிர்வீட்டுப் பெரியம்மாகூட இரு.”

“தண்ணி தாண்ட மாட்டேன் அத்தே. இந்தக் கரையிலயே உக்காந்துக்கறேன். வண்டிய வுட்டுக்கூட எறங்க மாட்டேன்.”

“சொன்னா கேளு. தலச்சம் புள்ள.”

அதுக்கு மேல மருமவ பேசக் கூடாது. அண்ணி திரும்பி உக்காந்து மிச்சம் இருந்த செம்மண் கரையைப் போட்டு முடிச்சுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டுக் கொட்டாயில என்னைத் தனியா புடிச்சு, என் கன்னத்தைத் தொட்டுச்சு. “நீ வாயத் தொறக்கல பாரு பாப்பா. இன்னொருத்தியா இருந்தா காட்டிக் கொடுத்திருப்பா. உன்னை மறக்க மாட்டேன்”னுச்சு. நான் மாட்டைப் பார்த்துக்கினு நின்னேன்.

புருஷன்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. ரெண்டு ரூம் வீட்டுல, நடுவுல மாமியார் மாமனார் நாத்தனார் எல்லாம் படுத்திருக்க, புதுசா வந்த பொண்ணு எங்க போய் என்னத்தைப் பேசும்? சொல்லியிருந்தாலும் அண்ணன்தான் என்ன பண்ணியிருக்கும்? சாயந்தரம் வேலைவிட்டு வந்ததும் அம்மா அது வாயில சர்க்கரையைப் போட்டு விஷயத்தைச் சொல்லுச்சு. அண்ணன் சிரிச்சுது. அப்புறம், “அப்ப காட்டுக்குப் போவ வேணாம். எல்லாரும் இங்கயே இருந்துடலாம்”னு சொல்லுச்சு. வண்டி சொல்லியாச்சு, புளிக்காய்ச்சல் காய்ச்சியாச்சுன்னு அம்மா விடல. அண்ணன் கொஞ்ச நேரம் சைக்கிள் ஹேண்டில் பாரைப் புடிச்சுக்கினு வாசல்ல நின்னுச்சு. அண்ணியோட அம்மா ஓடைக்கு வந்து காத்துக்கினு இருப்பாங்க, கேம்ப்புக்குப் பொங்கல் லீவு விட்டாச்சு, சேதி சொல்லி அனுப்ப இனிமே ஆளில்லை. போயே ஆகணும்.

காணும் பொங்கலன்னிக்கு விடியறப்போ கெளம்பினோம். பெரியப்பாவே வண்டி ஓட்ட வந்துட்டாரு. வால் பக்கம் நானும் அண்ணனும். நான் ஆசைப்பட்ட எடம், ஆசைப்பட்ட ஆள். பட்டாபிராம் தாண்டற வரைக்கும் நான் பேசிக்கினே வந்தேன். அண்ணன் ஒண்ணுத்துக்கும் பதில் சொல்லல. வண்டிப் பாதை பின்னால ஓடறதையே பார்த்துக்கினு வந்துச்சு. இல்லாதப்பவும் அண்ணிதான் பக்கத்துல உக்காந்திருக்குதுன்னு எனக்கு எரிச்சல். காலால வண்டிச் சட்டத்தை உதைச்சுக்கினே வந்தேன்.

காடு நான் நெனைச்ச மாதிரி இல்ல. பெரிய பெரிய மரம் இருக்கும்னு பார்த்தா, காரைச் செடியும் களாச் செடியும் முள்ளுமா குட்டையா இருந்துச்சு. நைனா தேடின ரோசாக் கலர் பூ ஒண்ணுகூட இல்ல. சர்க்கார் நட்ட எல்லைக் கல்லுகிட்ட வண்டியை நிறுத்திட்டு நடந்தோம். ஆனா ஓடை நல்லா இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. முழங்கால் தண்ணி, அடியில ஒவ்வொரு மணலும் தெரியும். ஓரத்துல நாணல். அண்ணன் என் கையைப் புடிச்சு எறக்கி விட்டுச்சு. மீன் வந்து கடிச்சுது. நான் கத்தினேன். அண்ணன் தூக்கல. அது எதிர்க்கரையைப் பார்த்துக்கினு நின்னுச்சு.

எதிர்க்கரையில ஒரு அம்மா எழுந்து நின்னாங்க. அண்ணியோட அம்மா. மெலிசா, அண்ணி மாதிரியே நெத்தி. நடந்து வந்ததுல முழங்கால் வரைக்கும் புழுதி, மடியில ஒரு துணி மூட்டை. எங்க கூட்டத்துல ஒவ்வொரு மூஞ்சியா பார்த்தாங்க. நான், அண்ணன், அம்மா, நைனா, பெரியப்பா. திரும்பவும் முதல்ல இருந்து பார்த்தாங்க. எண்ணிக்கை தப்பாயிடுச்சோன்னு பார்க்கிற மாதிரி.

நைனாவுக்குப் புரிஞ்சு போச்சு. துண்டை எடுத்து உதறினாரு. “வண்டியைப் பூட்டுங்க”ன்னாரு. அம்மாதான் அவர் கையைப் புடிச்சு, “இரு, நல்ல சேதி சொல்ற நாளு”ன்னுட்டு தண்ணியில எறங்கி அந்தாண்ட போச்சு. காதோட ஏதோ சொல்லுச்சு. அந்தம்மா மணல்லயே உக்காந்துட்டாங்க. சிரிக்கிறாங்களா அழுவறாங்களான்னு தெரியல.

நைனாவோட கோபம் அந்த எடத்துல கரைஞ்சுது. பேரனைப் பெத்துத் தரப் போறவளைப் பெத்தவங்களாச்சே. “ஏழாம் மாசம் வளைகாப்புக்கு நானே உங்க ஊட்டாண்ட வந்து கூப்பிடறேன்”னாரு. அந்தம்மா எழுந்து முந்தானையை இழுத்துப் போத்திக்கினு அவரைக் கும்பிட்டாங்க.

அப்புறம் மூட்டையை அவுத்தாங்க. வேகவெச்ச பனங்கிழங்கு, மஞ்சளும் உப்பும் போட்டு. அண்ணிக்கு அதுன்னா உசிராம். “இதை மட்டும் அவளுக்குக் குடுத்துடுங்க சம்பந்தியம்மா”ன்னாங்க. எங்கம்மா, “ஐயோ, முழுகாம இருக்கிறவளுக்கு இது ஆவாது, வாயு. வேணாம்”னு சொல்லிடுச்சு. அந்தம்மா மூட்டையை மடியிலயே வெச்சுக்கினாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க.

“நீதான் பாப்பாவா? உன் தலைய வாரி விடறது அவளாமே, மாப்ள சொல்லி அனுப்பினாரு. இங்க வா.”

பக்கத்துல உக்கார வெச்சுக்கினு ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரிச்சாங்க. ரெண்டா பொளந்து நடுக்குருத்தை எடுத்துப் போட்டாங்க. நாரு ஒவ்வொண்ணா நகத்தால கிள்ளி எடுத்துட்டு, சின்னச் சின்னத் துண்டா ஒடிச்சு என் வாயில ஊட்டினாங்க. “அவளுக்கு ஊட்டின மாதிரி இருக்கட்டும்”னாங்க. ஒரு கிழங்கு முடிஞ்சதும் இன்னொண்ணு. அவங்க விரல்ல மஞ்சள் வாசனை. நான் போதும்னு சொல்லல. நல்லா இருந்துச்சு. தின்னுக்கினே இருந்தேன்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தோம். அண்ணி பச்சை வளையலைப் போட்டுக்கினு வாசல்லயே நின்னுச்சு. எல்லாரும் உள்ள போற வரைக்கும் இருந்து, என் கையைப் புடிச்சு, “பார்த்தியா? எங்கம்மா இன்னா சொன்னாங்க?”ன்னுச்சு. வழி பூரா அண்ணன் எங்கிட்ட பேசாத கோவம் எனக்கு. “ஒண்ணும் சொல்லல”ன்னு கையை உதறிட்டு உள்ள போய்ட்டேன்.

தை முடியறதுக்குள்ள அண்ணி சாய்ப்புல பாய் போட்டு உக்காந்துச்சு. இந்தத் தடவை எல்லார் கண்ணு முன்னாலயும். அம்மா முதல்ல கலைஞ்சுடுச்சுன்னு அழுதுச்சு. ஒரு வாரம் போனதும், கலையறதுக்கு முதல்ல ஏதாவது இருந்துச்சான்னு கேக்க ஆரம்பிச்சுச்சு. நைனாவுக்குச் சந்தேகமே இல்ல. “வளைகாப்புன்னு சொல்லி என்னை அவங்க ஊட்டு வாசல்ல நிக்க வெக்கப் பார்த்தாங்க. தாயும் பொண்ணும் சேந்து போட்ட நாடகம்”னுட்டாரு. அண்ணி ஒரு வார்த்தை பேசல. பேசினா சோத்து விஷயம் வரும். நானும் பேசல. நான் பேசினா முறுக்கு மாவு விஷயம் வரும். கெட்ட சேதியை அந்த ஊருக்குச் சொல்லி அனுப்பணும்னு யாருக்கும் தோணல.

அந்தம்மா ஏழாம் மாசத்துக்காகக் காத்துக்கினு இருந்திருக்காங்க. சித்திரையில அந்த ஊர்ப்பக்கம் அம்மை போட்டுச்சு. மூணே நாளு. சாவுக்குப் போறதுக்கு நைனா தடை சொல்லல. அதுக்கு மட்டும் வாசப்படி மிதிக்கலாம்னு ஆச்சு. பெட்டியில பொடிப்பொடியா ஒரு குட்டிச் சட்டை தச்சு வெச்சிருந்தாங்களாம். அண்ணி அங்க போறதுக்குள்ள பொணத்தை எடுத்துட்டாங்க. மூஞ்சியைப் பார்க்கல.

அதுக்கப்புறம் அண்ணிக்கு நாலு புள்ளைங்க பொறந்துச்சு. நைனா, அம்மா, அண்ணன் எல்லாம் ஒவ்வொருத்தரா போயாச்சு. எங்க ரெண்டு பேருக்கும் இப்போ வயசாகி, நான் பத்து நாள் அங்க போவேன், அது பத்து நாள் இங்க வரும். ஊர்ல கேட்டா நாத்தனார்னா இப்படி இருக்கணும்னு சொல்வாங்க. ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் சாப்பாடு ஆனதும் அண்ணி என்னைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கினு ஒண்ணே ஒண்ணு கேக்கும். எங்கம்மா அன்னிக்கு எப்படி இருந்தாங்க, சொல்லு. சொல்லுவேன். புழுதிக் காலு, மடியில மூட்டை. கிழங்கை எப்படி உரிச்சாங்க? சொல்லுவேன். நாரை நகத்தால எடுத்தாங்களா, பல்லால எடுத்தாங்களா? நகத்தாலதான் அண்ணி. கண்ணை மூடிக்கினு கேக்கும்.

இந்த வருஷமும் கேட்டுச்சு, சொன்னேன். கேட்டு முடிச்சுட்டு கண்ணைத் தொறக்காமலே சொல்லுச்சு.

“குடுத்து வெச்சவ பாப்பா நீ. எங்கம்மா கையால கடைசியா தின்னது நீதான். இத்தினி வருஷத்துல உம்மேல எனக்கு வேற எதுக்கும் பொறாமை வந்ததில்ல. இதுக்கு மட்டும் இன்னும் வயிறு எரியுது.”

வாயைத் தொறந்தேன். முறுக்கு மாவுல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் கொட்டிடணும்னுதான் தொறந்தேன்.

“ஆமா அண்ணி,” அப்படின்னு சொன்னேன். “நான் குடுத்து வெச்சவதான்.”